கணக்கை விட்டு ஓடிவந்தவர்களுக்கு

இந்த ஆண்டு சட்டக் கல்லூரியில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,



மேல்நிலைப் பள்ளியில் 31 ஆண்டு கணக்குப் பாடம் எடுத்து ஓய்வுபெற்றவன் நான். கல்லூரிச் சேர்க்கை முடிந்ததும் பழைய மாணவர்கள் சிலர் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போவது வழக்கம். பொறியியலில் சேர்ந்தவர்கள் கொஞ்சம் கவலையோடு வருவார்கள். சட்டத்தில் சேர்ந்தவர்கள் முகத்தில் மட்டும் ஜாமீன் கிடைத்த களை இருக்கும். போன வாரம் ஒரு பெண் மைசூர்பாகு டப்பாவோடு வந்தாள். "சார், அஞ்சு வருஷ லா கெடச்சிருச்சு. இனிமே கணக்கே கெடையாது சார்!" என்றாள். யாரிடம் சொல்கிறோம் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்திருக்கிறது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் சிரித்துவிட்டு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அவள் போன பிறகுதான், அவளைப் போலவே நிம்மதிப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாமே என்று தோன்றியது.

பயமுறுத்த எழுதவில்லை. ஒரே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் கணக்கு வகுப்பிலேயே விட்டுவிட்டு வந்ததாக நினைக்கும் அந்தச் சொல், உங்களுக்கு முன்பே கோர்ட்டுக்குப் போய்க் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

கோர்ட் வளாகத்து டீக்கடையில் அரை மணி நேரம் நின்றால் அதைப் பத்து முறை கேட்கலாம். "இன்னைக்கு நம்ம கேஸ்ல ஆர்க்யுமென்ட்." "ஆர்க்யுமென்ட் முடிஞ்சு தீர்ப்புக்குப் போட்டிருக்கு." இப்போது பிளஸ் டூ கணக்குப் புத்தகத்துக்கு வாருங்கள். கலப்பெண்கள் பாடத்தில் 'ஆர்க் இசட்' என்று ஒன்று உங்களைப் படுத்தியிருக்கும். ஒரு கலப்பெண்ணைத் தளத்தில் புள்ளியாக வைத்தால் அது மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பது மட்டு. எந்தத் திசையில் என்று சொல்லும் கோணம் ஆர்க்யுமென்ட். நம் பாடநூலில் அதற்கு 'வீச்சு' என்று பெயர். சைன் 30 என்னும்போது உள்ளே இருக்கும் அந்த 30க்கும் ஆர்க்யுமென்ட் என்றுதான் பெயர். கணினி அறிவியல் எடுத்தவர்கள், செயற்கூற்றுக்குள் அனுப்பும் மதிப்பைச் 'செயலுருபு' என்று படித்திருப்பீர்கள். அதுவும் ஆர்க்யுமென்ட்தான்.

வாதம், வீச்சு, செயலுருபு. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆங்கிலத்தில் மூன்றும் ஒரே சொல். சண்டை போடுவதற்கும் கோணத்துக்கும் என்ன உறவு? ஆண்டுதோறும் வகுப்பில் ஒரு பையனாவது கேட்பான்: "ஆர்கண்ட் கண்டுபிடிச்சதால ஆர்க்-னு வச்சாங்களா சார்?" 1806இல் கலப்பெண்களைப் படமாக வரைந்து காட்டியவர் ழான் ரோபேர் ஆர்கண்ட் என்பது உண்மை. பெயர் ஒத்துப்போனது தற்செயல். அந்தச் சொல் அவருக்கு நூற்றாண்டுகள் மூத்தது.

அதன் வேர் லத்தீனில் 'ஆர்குவெரே' என்ற வினை. தெளிவாக்கு, மெய்ப்பி, குற்றம்சாட்டு என்று மூன்று பொருளும் அதற்கு உண்டு. குற்றம்சாட்டுவதும் ஒளிந்திருப்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதுதானே. சொல்லாய்வாளர்களில் பெரும்பாலோர் இந்த வினையை 'ஒளிர்தல், வெண்மை' என்ற பொருளுள்ள பழைய 'அர்க்' வேரோடு சேர்க்கிறார்கள். அதே வேரில் பிறந்தது லத்தீனில் வெள்ளியைக் குறிக்கும் 'அர்கென்டம்'. வேதியியலில் வெள்ளிக்கு ஏ-ஜி என்று குறியீடு வந்ததும், அர்ஜென்டினாவுக்குப் பெயர் வந்ததும் அதனால்தான். சமஸ்கிருதத்தில் 'அர்ஜுன' என்றால் வெண்மை. பாண்டவர்களில் நடுப்பிள்ளையின் பெயர் அதுதான். வெளிறிய பட்டை கொண்ட மருத மரத்துக்கும் வடமொழியில் அதே பெயர். கும்பகோணம் பக்கத்தில் திருவிடைமருதூருக்கு 'மத்தியார்ச்சுனம்' என்று வடமொழிப் பெயர் உண்டு. இடைமருது என்பதன் நேர் பெயர்ப்பு அது. ஆக, உங்கள் ஆர்க்யுமென்டுக்கு நம் ஊர்க் கோயில் வாசலில் ஒரு தூரத்துச் சொந்தம் நிற்கிறது.

தமிழ் இதே பாதையில் தானாகவும் நடந்திருக்கிறது. வெள்ளி, வெளிச்சம், வெளிப்படு என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். விளக்கு என்றால் ஏற்றி வைப்பதும் விளக்குதான். புரியும்படி சொல்வதும் விளக்குவதுதான். அடுப்படியில் புளியும் சாம்பலும் போட்டுப் பித்தளைப் பாத்திரத்தைத் தேய்ப்பதும் விளக்குவதுதான். ஆர்க்யுமென்ட் என்றால் என்ன என்று ஒரு பாட்டியிடம் கேட்டால், பாத்திரம் விளக்குகிற மாதிரி என்று சொல்லலாம். மங்கலாகக் கிடப்பதைத் தேய்த்துத் தேய்த்து முகம் தெரியும்படி செய்வது. சத்தம் அதில் ஒரு பகுதி, நோக்கம் பளபளப்பு.

இந்தச் சொல் முதலில் செழித்தது உங்கள் தொழிலில்தான். கி.மு. 44இல், ரோம் நகரத்தின் பெரிய வக்கீலான சிசெரோவிடம் டிரெபாட்டியஸ் என்ற சட்ட அறிஞர் ஒரு சந்தேகம் கேட்டார். சிசெரோவின் கிராமத்து வீட்டு நூலகத்தில் அரிஸ்டாட்டிலின் ஒரு நூல் டிரெபாட்டியஸ் கண்ணில் பட்டிருந்தது. இது எதைப் பற்றியது என்பதுதான் கேள்வி. பதில் சொல்ல நேரமில்லாமல் தள்ளிக்கொண்டே போன சிசெரோ, கடைசியில் ஒரு கடற்பயணத்தின்போது, கையில் புத்தகம் எதுவும் இல்லாமல் நினைவிலிருந்தே ஒரு சிறு நூலாக எழுதி அனுப்பினார். 'டோபிகா' என்பது அதன் பெயர். அதில் ஆர்க்யுமென்டுக்கு அவர் சொல்லும் இலக்கணத்தில் குரலும் இல்லை, கைவீச்சும் இல்லை. ஐயத்துக்கு இடமான ஒன்றில் நம்பிக்கையை உண்டாக்கும் காரணம் எதுவோ அது. அவ்வளவுதான்.

இந்தச் சொல் கோர்ட்டிலிருந்து கணக்குக்குள் நுழைந்த வழி, வானம். இடைக்கால ஐரோப்பாவில் கோள்களின் நிலையைக் கணிக்க அட்டவணைகள் இருந்தன. சூரியன் தன் உச்சத்திலிருந்து எத்தனை பாகை தள்ளியிருக்கிறது என்று முதலில் கண்டுகொள்ள வேண்டும். அந்தக் கோணத்தை வைத்துக்கொண்டு அட்டவணைக்குள் போனால், கூட்டவோ கழிக்கவோ வேண்டிய திருத்தம் எதிரே எழுதியிருக்கும். உள்ளே கொண்டுபோகும் அந்தக் கோணத்துக்கு லத்தீனில் ஆர்க்யுமென்டம் என்று பெயர் வைத்தார்கள். தெரிந்த ஒன்றைக் காட்டித் தெரியாத ஒன்றைப் பெறுவதால் அந்தப் பெயர். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் தன் கதை ஒன்றில் ஒரு சோதிடரின் தட்டுமுட்டுச் சாமான்களைப் பட்டியலிடுகிறார். டொலேடோ நகரத்து அட்டவணைகளும் ஆர்க்யுமென்டுகளும் அதில் இருக்கின்றன. இன்றும் ஒரு செயற்கைக்கோளின் பாதையைக் குறிக்கும் எண்களில் ஒன்று, அதன் அண்மைப்புள்ளியின் ஆர்க்யுமென்ட்; அதுவும் கோணம்தான். கலப்பெண்ணின் வீச்சு ஏன் கோணமாக இருக்கிறது என்பதற்கும், சைனுக்குள் போடுவதை ஏன் ஆர்க்யுமென்ட் என்கிறோம் என்பதற்கும் வேர் இங்கே இருக்கிறது. உள்ளே வைப்பது எதுவோ, அது ஆர்க்யுமென்ட்.

உள்ளே வைத்து வெளியே எடுக்கும் இந்த வேலையை நம் பக்கத்தில் எப்படிச் செய்தார்கள் என்பதற்கு ஒரு காட்சி இருக்கிறது. சென்னை வானாய்வகத்தில் முன்பு பணிபுரிந்த ஜான் வாரன் 1825இல் சென்னையில் அச்சிட்ட 'கால சங்கலிதம்' என்ற நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். காகிதம் இல்லை. அட்டவணை முழுவதும் சொற்களாக மனப்பாடம். அந்தக் கிரகணம் 1825 மே 31க்கும் ஜூன் 1க்கும் இடைப்பட்ட இரவில் வந்தது. தொடக்க நேரத்தில் அவர் கணிப்பு 4 நிமிடம்தான் பிசகியது. முடிவு நேரத்தில் பிசகு 52 நிமிடம் இருந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எதிர்த்தரப்பு சொல்வதற்கு முன் நாமே சொல்லிவிடுவது நல்ல வக்கீலுக்கு அழகு என்பார்கள்.

அந்தப் பஞ்சாங்கக்காரர் பின்பற்றிய வாக்கிய முறையில் நிலவுக்கு 248 வாக்கியங்கள். கடந்துபோன நாள்களைக் கூட்டி, பெரிய எண்களால் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் 248க்குள் மிஞ்சும் எண் எதுவோ, அந்த வரிசை வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். அதன் எழுத்துகளே நிலவின் இடத்தைச் சொல்லும் எண்கள். கடபயாதி என்ற அந்த எழுத்துக் கணக்கில் 'தேவர' என்ற மூன்றெழுத்தை வலமிருந்து இடமாகப் படித்தால் 248 வரும். மிச்சம் உள்ளே போகிறது, வாக்கியம் வெளியே வருகிறது. ஆங்கிலத்தில் வாக்கியத்துக்கும் தண்டனைக்கும் ஒரே சொல்தான், சென்டென்ஸ். இதை வகுப்பில் சொன்னால் கடைசி பெஞ்சுகூடச் சிரிக்கும்.

கணக்கையும் சட்டத்தையும் இரண்டு ஊர் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. நீங்கள் வெறுத்த இயற்கணிதத்தில் எண்ணுக்குப் பதிலாக எழுத்தைப் போடும் வழக்கத்தை 1591இல் முறைப்படுத்திய வியேத், பிரான்சில் வக்கீலாகத் தொழில் தொடங்கியவர். இன்னொரு கணிதர் ஃபெர்மா, துலூஸ் நகர நீதிமன்றத்தில் உறுப்பினர். கேலி என்ற கணிதர் 14 ஆண்டுகள் லண்டனில் சொத்துப் பத்திரங்கள் எழுதும் வக்கீலாக இருந்தபடியே 200க்கும் மேற்பட்ட கணிதக் கட்டுரைகளை எழுதிவிட்டு, 1863இல் கேம்பிரிட்ஜுக்குப் பேராசிரியராகப் போனார். ஆர்க்யுமென்டை உள்ளே வாங்கிக்கொள்ளும் 'ஃபங்ஷன்' என்ற சொல்லைக் கணிதத்துக்குக் கொண்டுவந்த லைப்னிட்ஸ், 20 வயதில் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். இரண்டு பேருக்குள் வழக்கு வந்தால் சத்தம் போடாமல் உட்கார்ந்து கணக்கிட்டுப் பார்த்துவிடலாம் என்கிற ஒரு நாள் வரும் என்று அவர் கனவு கண்டார். அந்த நாள் வரவில்லை. வந்திருந்தால் உங்களுக்கு வேலை இருந்திருக்காது.

இனி நம் மண்ணுக்கு வருகிறேன்.

ஹென்றி தாமஸ் கோல்புரூக் என்ற பெயரை உங்கள் சட்ட வரலாற்றுப் பாடத்தில் படிப்பீர்கள். கல்கத்தாவில் கம்பெனியின் மேல்முறையீட்டு மன்றமான சதர் திவானி அதாலத்தில் நீதிபதியாக இருந்தவர்; இந்து சட்டத் தொகுப்பை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். அதே மனிதர் 1817இல் பிரம்மகுப்தரின் கணிதத்தையும் பாஸ்கராச்சாரியாரின் லீலாவதியையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். லீலாவதியில் 'திரைராசிகம்' என்று ஒரு கணக்கு வரும். நாம் 'மூன்று தெரிந்தால் நாலாவது' என்று போடுவோமே, அதுதான். 5 படி அரிசி 300 ரூபாய், 8 படி என்ன விலை? இதில் 5க்குப் பிரமாணம் என்று பெயர். 300 பலன். 8 இச்சை, அதாவது கேட்பது. பலனையும் இச்சையையும் பெருக்கிப் பிரமாணத்தால் வகுத்தால் 480 ரூபாய்.

இந்தப் பிரமாணத்தை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? நீதிபதி கோல்புரூக் போட்ட சொல் ஆர்க்யுமென்ட்.

எனக்கு இது முதலில் தெரிந்த அன்று வெகு நேரம் புத்தகத்தை மூடவில்லை. கோர்ட்டில் நீங்கள் தாக்கல் செய்யப்போவது பிரமாணப் பத்திரம். சாட்சி கூண்டில் ஏறிச் செய்வது பிரமாணம். அரிசிக் கணக்கில் முதல் எண்ணும் பிரமாணம். சமஸ்கிருதத்தில் 'மா' என்றால் அளத்தல். பரிமாணம், அனுமானம், உபமானம் எல்லாம் அதன் பிள்ளைகள். அளக்க உதவுவது பிரமாணம்.

அந்த மூன்று எண்ணை இன்னொரு முறை பாருங்கள். உங்கள் தொழிலின் உயிரே அதில் இருக்கிறது. முன்தீர்ப்பு காட்டி வாதிடுகிறீர்களே, அது என்ன? அன்று அந்த வழக்கில் இருந்த சங்கதிகள், பிரமாணம். அதற்குக் கிடைத்த தீர்ப்பு, பலன். இன்று என் கட்சிக்காரருடைய சங்கதிகள், இச்சை. அதற்கு அது என்றால் இதற்கு எது? திரைராசிகத்தை அப்படியே எடுத்துக் கறுப்புக் கோட்டு போட்டால் அதுதான் முன்தீர்ப்பு. எதிர்த்தரப்பு எழுந்து என்ன சொல்வார்? "அந்த வழக்கு வேறு மாதிரி, கனம் நீதிபதி அவர்களே" என்பார். அதற்கும் லீலாவதியில் இடமுண்டு: பிரமாணமும் இச்சையும் ஒரே இனமாக இருக்க வேண்டும் என்பது விதி. படிக்கு எதிரே படியைத்தான் வைக்கலாம், கிலோவை வைக்கக் கூடாது. 1150இல் எழுதிய கணக்கு விதியும், இன்று உயர் நீதிமன்றத்தில் ஒரு முன்தீர்ப்பைத் தள்ளிவைக்கச் சொல்லும் காரணமும் ஒன்றே.

இதை நான் புத்தகத்தில் படித்ததைவிட நன்றாகப் படித்தது ஒரு காம்பவுண்டுச் சுவரில்.

பல ஆண்டுகளுக்கு முன், என் மைத்துனர் ஒரு மனை வாங்கினார். பத்திரத்தில் தெளிவாக எழுதியிருந்தது: கிழமேலடி இருபுறமும் 40, தென்வடலடி இருபுறமும் 60, ஆக சதுரடி 2400. சரியாக ஒரு கிரவுண்டு. வீடு கட்டும் முன் சர்வேயர் வந்து அளந்தால் 2318 சதுரடிதான் வந்தது. 82 சதுரடி காணோம்; ஓர் ஆள் கட்டில் போட்டுப் படுக்கும் அறை அது. பக்கத்து மனைக்காரர் தள்ளிக் கல் நட்டுவிட்டார் என்று முடிவு கட்டி, வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு, முன்சீப் கோர்ட்டுக்குப் போனார். வாய்தா மேல் வாய்தா. மூன்று ஆண்டு ஓடியது. அவருடைய வக்கீல் நன்றாகப் பேசுவார். ஆக்கிரமிப்பு பற்றி எத்தனையோ முன்தீர்ப்புகளை அடுக்கினார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன், கணக்கு வாத்தியார் என்ற வெட்கமே இல்லாமல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காம்பவுண்டுக்கு மதிப்புப் போட வந்த கொத்தனார் முன்பக்கத்து மூலையில் மூலைமட்டத்தை வைத்தார். நூலைப் பிடித்தார். மறுபடி வைத்தார்.

"சார், இது மூலமட்டத்துல இல்ல. தெரு சாஞ்சு போகுது பாருங்க. நாலு பக்கமும் அளவு சரியாத்தான் இருக்கும். ஆனா எடம் கொறையும்."

எனக்குத் தலையில் குட்டியது போல இருந்தது. டேப்பை எடுத்துக் குறுக்கே பிடித்தோம். நேர்மூலையாக இருந்தால் இரண்டு குறுக்களவும் 72 அடிக்கு ஒரு பொட்டு கூடுதலாக, சமமாக வர வேண்டும். ஒன்று 80 அடி வந்தது, மற்றது 63. மூலையில் கோணம் 90க்குப் பதில் 75 பாகை. 40ஐயும் 60ஐயும் சைன் 75ஆல் பெருக்கினால் 2318. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவர் மனையையும் அளந்தோம். அவருக்கும் 82 சதுரடி இல்லை. யாரும் யாருடையதையும் எடுக்கவில்லை. பத்திரம் எழுதியவர் நான்கு நீளங்களை எழுதினார், ஒரு கோணத்தை எழுதவில்லை. மட்டு இருந்தது, வீச்சு இல்லை. மூன்று ஆண்டு ஆர்க்யுமென்டில் காணாமல் போயிருந்தது ஒரு ஆர்க்யுமென்ட்.

அந்த வக்கீல் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் காட்டிய முன்தீர்ப்புகள் எல்லாம் உண்மையானவை. ஆனால் அவை ஆக்கிரமிப்பு வழக்குகள். எங்கள் சங்கதி வேறு இனம். படிக்கு எதிரே கிலோ. அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டியவன், ஆண்டுதோறும் இணைகரத்தின் பரப்பளவு நடத்திக்கொண்டிருந்த நான்தான்.

கணக்கும் கோர்ட்டும் ஒன்றேதான் என்று சாதிக்க வரவில்லை. கணக்கில் ஒன்றை நிறுவினால் நிறுவியதுதான். நாளை வேறு பெஞ்சு மாற்றாது. கோர்ட்டில் அப்படியில்லை. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் இதை மிக நேர்மையாக ஒத்துக்கொண்டது. மெய்ப்பிக்கப்பட்டது, பொய்ப்பிக்கப்பட்டது, மெய்ப்பிக்கப்படாதது என்று மூன்று நிலை வைத்தது. அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய சாட்சியச் சட்டத்திலும் அந்த மூன்றும் இருக்கின்றன. விவேகமுள்ள ஒரு மனிதர் நம்பி நடக்கும் அளவுக்கு ஒன்று உறுதிப்பட்டால் போதும், அது மெய்ப்பிக்கப்பட்டது. யூக்ளிட் இதை ஏற்க மாட்டார். ஆனால் யூக்ளிட்டிடம் யாரும் ஜாமீன் கேட்டு நின்றதில்லை. கணக்கில் ஒரே ஆர்க்யுமென்டை இரண்டு முறை உள்ளே வைத்தால் ஒரே விடைதான் வரும். வராவிட்டால் அது சார்பே (ஃபங்ஷனே) இல்லை. இரண்டு நீதிபதிகள் முன் ஒரே வாதத்தை வைத்தால் இரண்டு தீர்ப்பு வரலாம். முன்தீர்ப்புக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற விதியே, கோர்ட்டைக் கொஞ்சமாவது சார்பு மாதிரி நடக்க வைக்கும் முயற்சிதான். பாதி வழி வந்திருக்கிறது. மீதி வழிக்கு நீங்கள் இருக்கிறீர்கள்.

அப்படியானால் ஆர்க்யுமென்டுக்குத் தமிழில் எல்லா வீட்டுக்கும் பொதுவான ஒரு சொல் இல்லையா? இருக்கிறது. மணிமேகலையைத் திறந்தால் கிடைக்கும். ஆண் துறவி வடிவெடுத்த மணிமேகலை வஞ்சி நகரத்தில் ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கும் காதையின் பெயரைக் கவனியுங்கள்: சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை. தன் தரப்பை எடுத்து வாதிடுபவர் அங்கே கணக்கர். கணக்கு என்றால் அன்று எண்ணும் உண்டு, நூலும் உண்டு, எடுத்துரைக்கும் கொள்கையும் உண்டு. அந்த வரிசையில் முதலில் பேசுபவர் அளவைவாதி. வடமொழியின் பிரமாணத்துக்குத் தமிழ் வைத்த பெயர் அளவை. ஒன்றை உண்மை என்று அறிய வழிகள் எத்தனை என்பதுதான் அவர் பேச்சு. வியாசர் கணக்கில் 10, கிருதகோடி கணக்கில் 8, சைமினி கணக்கில் 6. பின்னால் வரும் காதையில் மணிமேகலையின் குரு அறவண அடிகள் அதை இரண்டாகச் சுருக்கிவிடுகிறார்: கண்டது ஒன்று, கண்டதைக் கொண்டு கருதியது ஒன்று. உங்கள் சாட்சியச் சட்ட வகுப்பில் நேரடிச் சாட்சியம், சூழ்நிலைச் சாட்சியம் என்று நடத்தும்போது அடிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

அளவைகள் என்று ஆரம்பப் பள்ளிக் கணக்கில் ஒரு பாடம் உண்டு: லிட்டர், மீட்டர், கிராம். அளவையியல் என்று கல்லூரியில் ஒரு பாடம் உண்டு: தருக்கம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்த மொழி நம்முடையது. வாதமும் வீச்சும் செயலுருபும் தனித்தனியாகப் பிரிந்து போவதற்கு வெகு காலம் முன்பே, அளவை என்ற கூரையின் கீழ்ப் படியும் பிரமாணமும் சேர்ந்துதான் குடியிருந்தன.

மடலை முடிப்பதற்கு முன், நீங்கள் தப்பித்து வந்த பாடத்திலிருந்து இரண்டு விதிகளை மட்டும் திருப்பித் தருகிறேன். தேர்வு கிடையாது, பயப்படாதீர்கள்.

முதலாவது: ஒரு கலப்பெண்ணின் வீச்சோடு 360 பாகையைக் கூட்டினால் அது அதே திசையில்தான் நிற்கும். எத்தனை முழுச் சுற்று சுற்றினாலும் அப்படித்தான். மூன்று மணி நேரம் பேசிவிட்டு உட்கார்ந்ததும், புறப்பட்ட இடத்திலேயே இறங்கியிருக்கிறோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: ஒவ்வொரு கலப்பெண்ணுக்கும் வீச்சு உண்டு, ஒன்றைத் தவிர. பூஜ்ஜியத்துக்கு வீச்சு கிடையாது. மையத்திலேயே உட்கார்ந்திருக்கும் புள்ளி எந்தத் திசையையும் காட்டாது. கையில் சங்கதி ஏதாவது இருந்தால்தான், அது இத்துனூண்டாக இருந்தாலும், அதற்கு ஒரு திசை உண்டு. ஒன்றுமே இல்லாத வழக்குக்கு எவ்வளவு தொண்டை கிழிந்தாலும் ஆர்க்யுமென்ட் பிறக்காது.

நம் ஊரில் ஒருவன் இல்லாததைப் பொல்லாததைப் பேசினால் "அளந்து விடுறான்" என்கிறோம். பொறுப்பாகப் பேசச் சொல்ல வேண்டுமானால் "அளந்து பேசு" என்கிறோம். இரண்டிலும் அதே அளவுதான். முதலாமவன் கையில் டேப் கிடையாது. நாளை நீங்கள் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு எழுந்து நிற்கும்போது, கட்சிக்காரர் கொடுத்த பத்திரக் கட்டில் நீளம் மட்டும்தான் இருக்கிறதா, கோணமும் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு வாயைத் திறங்கள்.

மைசூர்பாகு கொண்டுவந்த பெண்ணுக்குத் தனியாக ஒரு வரி: அடுத்த முறை வரும்போது வாசலில் கொஞ்சம் நின்று பார். மைத்துனர் வீட்டுக் காம்பவுண்டு முடிந்ததும் அந்தக் கொத்தனாரை இங்கேயும் வரவழைத்தேன். என் வீட்டுச் சுவரின் நான்கு மூலையும் அவர் மூலைமட்டம் வைத்துக் கட்டியவை.

அன்புடன்,
உங்கள் பழைய கணக்கு வாத்தியார்